500 விரால் விட்டேன், 17தான் மிஞ்சியது: எங்கே போயின மீன்கள்?

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "100 அடிக்கு 100 அடி பண்ணைக்குட்டை, ஐந்தடி ஆழம். ஐப்பசி மழையில் நிரம்பியதும் 500 விரால் குஞ்சு விட்டேன். பாசி, தவளை, பொடிமீன் எல்லாம்தான் இருக்கிறதே என்று தீனி போடவில்லை. பங்குனியில் வலை போட்டால் 17 விரால், ஒவ்வொன்றும் கால் கிலோ. பக்கத்து நிலத்துக்காரர் அதே அளவு குட்டையில் கட்லா, ரோகு விட்டு 90 கிலோ பிடித்தார். குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, இல்லை மீன் திருடு போனதா?"

திருடன் வெளியே இல்லை ஐயா. பெரும்பாலும் விராலை விராலே தின்றிருக்கும். கொக்கும் நீர்க்காகமும் கொஞ்சம் எடுத்திருக்கும். மழை ராத்திரியில் விரால் கரையேறி ஊர்ந்தும் போய்விடும். ஆனால் ஒன்றுகூடப் போகாமல் இருந்திருந்தாலும், அந்தக் குட்டையால் 500 விராலை வளர்த்திருக்க முடியாது.

ஒரு கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். தண்ணீர் லேசான பச்சையாகத் தெரிந்தால் அது பாசி, கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத நுண்பாசி. அதற்கு நடுவே வெள்ளைத் தூசி மாதிரி துள்ளித் துள்ளி நகர்பவை நுண்ணுயிர்ப் பூச்சிகள், பாசியைத் தின்பவை. அவற்றைப் பொடிமீன் தின்னும், பொடிமீனை விரால் தின்னும். குட்டையின் மொத்தச் சாப்பாட்டுக் கணக்கும் அந்த டம்ளரில்தான் தொடங்குகிறது.

வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் பாசி பிடித்துத் தன் உடம்பாக்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடம்புக்குப் போய்ச் சேரும். மீதி, நீந்தவும் மூச்சு விடவும் செலவாகிச் சூடாகக் கழிந்துபோகிறது. செரிக்காதது கழிவாகிறது. யார் வாயிலும் சிக்காமல் செத்து அடியில் படிவதும் உண்டு. ரேமண்ட் லிண்ட்மேன் என்ற அமெரிக்கர் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை ஐந்து வருடம் ஆராய்ந்து இந்தப் படிக்கணக்கை எழுதினார். 1942-இல் அது அச்சானபோது அவர் உயிரோடு இல்லை; 27 வயதுகூட நிரம்பவில்லை. பத்து சதவீதம் என்பது சராசரிதான், இடத்துக்கு இடம் கூடும் குறையும்.

இப்போது உங்கள் கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். 17 விரால், சுமார் 4 கிலோ. அதற்கு 40 கிலோ பொடிமீன், தவளை, தம்பி விரால்கள். அந்த 40-க்கு 400 கிலோ நுண்ணுயிர்ப் பூச்சி. அந்த 400-க்கு 4 டன் பாசி! 23 சென்ட் குட்டைக்கு ஐந்து மாதத்தில் அது குறைச்சலே இல்லை. குட்டை உங்களை ஏமாற்றவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் செய்தது என்னவென்றால், ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்ப் பூச்சிகளை நேரடியாகத் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில் பாசியையும் மட்கிய தழையையும் மேயும். கூட மிர்கால் விட்டால், அடியில் படிந்த மட்கும் வீணாகாது. இடையில் தரகர் குறைந்தால் கைக்கு வரும் காசு கூடும் இல்லையா, அப்படித்தான். அநேகமாகத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். சந்தையில் விரால் விலை ஏறி நிற்பதற்கும் இந்தப் படிக்கணக்கு ஒரு காரணம்.

விரால்தான் வேண்டும் என்றால் தீவனம் வாங்கித்தான் ஆகவேண்டும். மீன்தூள் கலந்த அந்த மூட்டை, வேறெங்கோ கடலில் விழுந்த வெயில். அதைக் காசு கொடுத்து உங்கள் குட்டைக்குள் கொண்டுவருகிறீர்கள். குருணைத் தீவனத்துக்குப் பழக்கிய, ஒரே அளவுக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். அளவு பிசகினால் பெரியது சின்னதை விழுங்கும், அதனால் அவ்வப்போது தரம் பிரிக்கவும் வேண்டும். கோழிக்கழிவை அப்படியே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தண்ணீர் நாறி அமோனியா ஏறிவிடும்.

என்னைக் கேட்டால், வரும் ஐப்பசியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் 4:3:3 கணக்கில் 500 குஞ்சு விடுங்கள். அதற்குமுன் மட்கிய சாணி கரைத்து ஊற்றித் தண்ணீரைப் பச்சையாக்குங்கள். சாணியின் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு உரமாகும்; இந்தச் சத்து குட்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். செலவான சக்தி அப்படித் திரும்பாது, அன்றாடம் வெயில்தான் கொண்டுவரவேண்டும். காலை பத்து, பதினோரு மணிக்குக் கையை நேராகத் தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பதம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் சாணியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்காற்றுத் தேடி மேலே வந்து வாய் பிளக்கும்.

விரால் ஆசையை முழுக்க விடவும் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, கட்லா முதலான கெண்டைகள் விரால் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்தபின், 20 சின்ன விரால் விடுங்கள். தானாக வந்து பெருகும் ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சை அவை பார்த்துக்கொள்ளும். கரையைச் சுற்றி இரண்டடிக்கு வலை கட்டுவதை மட்டும் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.