காரை ஸ்டார்ட் செய்யும்போது வண்டி ஏன் அதிர்கிறது?

ஸ்டார்ட் செய்தவுடன் வண்டி குலுங்குவது இயல்பா, பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓரிரு நொடிகளில் அடங்கிவிடும் குலுக்கலுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்ஜின் வண்டியின் உடலோடு நேரடியாக முடுக்கப்பட்டிருப்பதில்லை. ரப்பர் மவுண்ட்கள் அதைத் தாங்குகின்றன. அவ்வாறு ரப்பரின் மேல் அமர்ந்த எடைக்குத் தனக்கே உரிய இயல் அதிர்வெண் உண்டு; அதாவது, தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம். உந்துதலும் அதே வேகத்தில் வந்தால் ஆட்டம் பெரிதாகிவிடும். பல கார்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 15 முறை வரை இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் எரிவதால், நிமிடத்துக்கு 750 சுற்றுகள் கொண்ட ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) நொடிக்கு 25 உந்துதல்கள் கிடைக்கின்றன. இது மவுண்ட்டின் அதிர்வெண்ணைவிட மிக அதிகமானதால் ரப்பரே அதை விழுங்கிவிடுகிறது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றுகளில் சுழற்றத் தொடங்குவதால், அங்கிருந்து ஐட்லிங்கை எட்டும் வழியில் இன்ஜின் அந்த அதிர்வெண்ணைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கணத்தில்தான் வண்டி குலுங்குகிறது. அணைக்கும்போது ஒருமுறை உதறுவதற்கும் காரணம் இதுவே. மூன்று சிலிண்டர் வண்டிகளிலும் டீசல் வண்டிகளிலும் இது சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

ஐட்லிங்கிலும் அதிர்வு தொடர்ந்தால் கதை வேறு. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால், அந்த இடைவெளி இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். 750 சுற்றுகளில் அது நொடிக்கு ஆறு முறைக்குச் சற்று மேல். இது மவுண்ட்டின் இயல் அதிர்வெண்ணுக்குள்ளேயே விழுவதால்தான், ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் கெட்டாலும் ஸ்டீயரிங் முதல் இருக்கை வரை நடுங்குகிறது. பிளக், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கரி படிந்த திராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்கச் சொல்வேன். விலை குறைந்த பிளக்கிலிருந்து தொடங்குவதே நியாயம்.

மவுண்ட் கிழிந்திருந்தால் அறிகுறி வேறாக இருக்கும்: இன்ஜினின் ஓசை சீராக இருந்தும் கேபின் நடுங்கும், ஏசியைப் போட்டால் நடுக்கம் கூடும். ஆட்டோமேட்டிக் வண்டியானால், முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காத இடத்தில், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரிடம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலாலும் பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றச் சொல்லி, திறந்த பானெட்டுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; இன்ஜின் பெரிதாகத் துள்ளினால் மவுண்ட் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

அதிர்வோடு இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத எரிபொருள் புகைக்குழாய் வழியே சென்று, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு ஒரு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு.