24 வருடம் இருந்த கோச்சை அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டாமா?

கேள்வி: நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி அமெரிக்காவின் நடுமேற்கில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். என் மாமனாருக்கு 61 வயது. இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் 24 வருடம் பேஸ்பால் தலைமைக் கோச்சாக இருந்தார். மே மாதக் கடைசியில், சீசன் முடிந்த மறு திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். ஜூன் 30-ஓடு முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, அணிக்குப் புது ஆள் தேவை என்பதற்கு மேல் பதில் இல்லை. கடைசி மூன்று சீசன்களில் இரண்டில் தோல்விதான் அதிகம், உண்மை. ஆனால் சின்ன வயதுக்காரரைத்தான் தேடுகிறார்கள் என்றும் பேச்சு. மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், வழக்குப் போடமாட்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். இன்னும் விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இல்லையா? இன்னொன்று: போன அக்டோபரில், பேஸ்பால் மாதிரியே பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் அணிக்கு, பந்தடித்துப் பழகும் உள்ளரங்க வலைக் கூண்டில் நேரமே ஒதுக்குவதில்லை என்று அவர் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, தெரியவில்லை.

பதில்: முதலில் அந்தத் தாள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம். 40 வயதைத் தாண்டிய ஊழியர், வயதுப் பாகுபாடு பற்றிய தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டுமானால், யோசிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும், கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்பது 1990-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். நாலு நாள் கெடு வைப்பது இதற்கு முரண். அதற்காக, 'செல்லாத தாள்தானே, போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றும் நினைக்காதீர்கள். அந்த 21 நாள் பாதுகாப்பு வயது வழக்குக்கு மட்டும்தான். மற்ற உரிமைகளை அதே கையெழுத்து மூடிவிடலாம். உங்கள் மாமனாருக்கு அந்த மற்றது ஒன்றுதான் பலமானது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

காரணம் சொல்லியாக வேண்டுமா? வேண்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் நடுவில் நீக்கினால் கதை வேறு: தவறு செய்தார் என்று நீக்கினால் அதை அவர்கள் நிரூபிக்க வேண்டும், சும்மா நீக்கினால் ஒப்பந்தத்தில் சொன்ன ஈட்டுத்தொகையைத் தர வேண்டும். காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால், பெரும்பாலும் அவர்கள் வாயைத் திறக்கவே தேவையில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில் டேவிட் ராத் என்ற உதவிப் பேராசிரியரை ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பினார்கள். காரணமும் இல்லை, விசாரணையும் இல்லை. 1972 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. மறுபடி வேலை கிடைக்கும் என்ற ஆசை மட்டும் உரிமையாகாது, அதற்கு ஒப்பந்தத்திலோ விதியிலோ பிடிமானம் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. டெக்சாஸில் பத்து வருடம் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்திய ராபர்ட் சிண்டர்மன் என்பவருக்கு, எழுதப்படாத நிரந்தரப் பணி இருந்ததா என்று நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே கல்லூரியின் கையேட்டு வாசகமே அவருக்குக் கைகொடுத்தது. ஆகவே மாமனாரின் முதல் பணி நியமன ஆணையைத் தேடிப் பாருங்கள். அந்தத் தலைமுறைக் கோச்சுகள் சிலரை உடற்கல்வித் துறையில் ஆசிரியராகவும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். அப்படி ஒரு பதவி அவர் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், கோச் வேலை போனாலும் அந்த வேலை தானாகப் போய்விடாது.

தோல்விக் கணக்கைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கான்சாஸில் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜீன் ஸ்டீஃபன்சன் என்று ஒருவர். ஆட்டமே நின்றுபோயிருந்த கல்லூரியில் 1978-இல் பேஸ்பாலை மறுபடி தொடங்கி, 1989-இல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்து, 1,800-க்கும் மேலான வெற்றிகள் கண்டவர். 36 சீசன்களுக்குப் பிறகு 2013-இல் அவரையே அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கான உழைப்பைச் சட்டம் எடைபோடாது. சரியாக ஜெயிக்கவில்லை என்பது சட்டப்படி செல்லுபடியாகும் காரணம். நியாயமா என்பது வேறு கேள்வி.

அப்புறம் வயது. 40-க்கு மேற்பட்டவரை வயதுக்காக ஒதுக்கக் கூடாது என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2009 முதல், வயது இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று காட்டியாக வேண்டும். இரண்டு சீசன் தோல்வியை வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது சிரமம். போதாக்குறைக்கு இது அரசுப் பல்கலைக்கழகம். அந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசிடம் நேரடியாக நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 2000-இல் தீர்ப்பாகிவிட்டது. சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், உங்கள் மாநிலத்தின் சொந்தச் சட்டத்தையும் பார்க்கலாம். ஊர்ப்பேச்சு போதாது. யார், எப்போது, எந்த வார்த்தையில் 'இளைஞர்' என்று சொன்னார் என்பது எழுத்தில் வேண்டும்.

இப்போது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயம். எனக்கு அதுதான் முதல் விஷயமாகப் படுகிறது.

ராத் தீர்ப்புக்கு ஆறு நாள் முன்னால்தான், 1972 ஜூன் 23 அன்று, டைட்டில் 9 என்ற சட்டம் கையெழுத்தானது. கூட்டாட்சிப் பணம் வாங்கும் கல்விக்கூடத்தில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. விளையாட்டும் அதில் அடக்கம். அலபாமாவின் பர்மிங்காமில் பள்ளிப் பெண்களின் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்த ராட்ரிக் ஜாக்சன், தன் அணிக்கு ஆண்களுக்குச் சமமான பணமும் வசதியும் இல்லை என்று புகார் செய்தார். கோச் பொறுப்பு பறிபோனது. பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள், உங்களுக்கு என்ன என்று பள்ளி நிர்வாகத் தரப்பு வாதாடிப் பார்த்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம், குரல் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் பாகுபாடுதான், அவரே வழக்குப் போடலாம் என்றது. மாநில அரசு என்ற கேடயமும் டைட்டில் 9 வழக்கில் உதவாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான் என்ற வாதமும் இங்கே முழுப் பதிலாகாது. மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஐஸ் ஹாக்கி கோச் ஷானன் மில்லர் ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றவர். 2014 டிசம்பரில் இனி ஒப்பந்தம் இல்லை என்றார்கள். பாலினப் பாகுபாடும், டைட்டில் 9 புகாருக்கான பழிவாங்கலும் நடந்தன என்று 2018-இல் ஜூரி முடிவு செய்து 37 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது.

உங்கள் மாமனார் வழக்கு அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அக்டோபர் மின்னஞ்சலுக்கும் மே மாதக் கடிதத்துக்கும் நடுவில் ஏழு மாதம் இருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம். அவருக்கு பதில் வந்ததா? விளையாட்டுத் துறை இயக்குநர் பேச்சில் மாற்றம் இருந்ததா? வருட மதிப்பீட்டில் 23 வருடம் நல்ல பெயர் இருந்து, 24-ஆவது வருடம் மட்டும் திடீரென்று குறை முளைத்ததா? இதற்கு முன் இரண்டு தோல்விச் சீசன் கண்ட வேறு கோச்சை என்ன செய்தார்கள்?

அரசு நிறுவனம் என்பதில் ஒரு நல்லதும் உண்டு. மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின்படி, அக்டோபர் முதல் மே வரை அவர் பெயரோ சாஃப்ட்பால் கூண்டோ வரும் மின்னஞ்சல்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சிலவற்றைக் கொடுக்க மறுப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு எந்த நாளும் மூடப்படலாம். அந்த அக்டோபர் மின்னஞ்சலின் நகல் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாணவர் விவரம் உள்ள கோப்புகளைத் தொட வேண்டாம், வீட்டுப் போனில் இருக்கும் குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

கெடு விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க மாநிலத்தைப் பொறுத்து 180 நாள் அல்லது 300 நாள். அது ஜூன் 30-இலிருந்து ஓடாது. முடிவைத் தெரிவித்த அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஓடும் என்று 1980-லேயே டெலவேர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டைட்டில் 9 வழக்குக்கான காலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநிலத்தில் பணியாளர் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். அந்த வழக்கறிஞர் பெயரில், கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு வரி பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும்.

மாமனார் மைதானத்துக்குப் போவதை ஜூன் 30-க்குப் பிறகு நிறுத்தியாக வேண்டும். சாவியோடு உள்ளே போனால் அத்துமீறல் என்று எழுத அவர்களுக்கு வழி செய்து கொடுத்ததாகும். சாவியை ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். மண் இழுக்கும் அந்தப் பலகை, கூண்டு வலை என்று 24 வருடத்தில் சொந்தக் காசில் வாங்கிப் போட்டவை இருந்தால், பழைய பில் கிடைக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதித் திருப்பிக் கேளுங்கள். அந்தப் பட்டியலை அவரையே எழுதச் சொல்லுங்கள். எது எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.