நடைபாதையில் படுத்திருப்பவர் சோம்பேறியா?

கேள்வி: மாநகராட்சி இலவசக் காப்பகங்கள் நடத்தியும், பாரிமுனைப் பக்கம் குடும்பம் குடும்பமாக நடைபாதையிலேயே படுத்துக் கிடக்கிறார்களே? உழைக்க மனமில்லாமல் பிச்சைக்குப் பழகிவிட்டவர்கள்தானே இவர்கள்? (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: அவர்கள் படுத்திருக்கும் நேரத்தில் நீங்கள் அந்த வழியாகப் போயிருக்கிறீர்கள். விடியுமுன் போயிருந்தால், மூட்டை தூக்கவும் மீன்பாடி வண்டி மிதிக்கவும் பூக்கட்டவும் பழைய காகிதம் பொறுக்கவும் அவர்கள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். கடை திறக்கும்போது கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவருக்குத்தான் கூலி என்பதால், அந்தத் தெருவிலேயே உறங்குவது அவர்கள் பிழைப்பின் ஒரு பகுதி. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டு, வேலைக்கு அருகில் என்பதற்காகவே அவர்கள் அங்கே தங்குகிறார்கள், அப்புறப்படுத்தினால் பிழைப்பே போய்விடும் என்று கூறியது. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அதே தீர்ப்பு தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்களே அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள்.

காப்பகத்துக்கு வருவோம். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்று பிரித்து நடத்தப்படும் காப்பகத்தில், கணவன், மனைவி, வயதுக்கு வந்த மகள், பத்து வயதுப் பையன் என்று இருக்கும் குடும்பம் ஒவ்வோர் இரவும் எப்படிப் பிரிந்து படுக்கும், அடுப்பையும் பாத்திரங்களையும் வண்டியையும் யாரை நம்பி விட்டுப் போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். தனியாள்களுக்கும், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கும் அவை பேருதவி என்பதை நான் மறுக்கவில்லை. சரி, சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்தில் அரசு அடுக்குமாடி வீடு கொடுத்தாலோ? கதவுள்ள வீடுதான், ஆனால் விடியற்காலைக் கூலி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது.

பிச்சையைப் பற்றி: அதைக் குற்றமாகப் பார்க்கும் 1945-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்துக்கு உண்டு. தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்றக் கோரிய மனுவை 2021-இல் விசாரித்த உச்ச நீதிமன்றமோ, வறுமை இல்லாவிட்டால் யாரும் கையேந்த மாட்டார்கள் என்ற நிலையை எடுத்து, அப்படியொரு தடைக்கு மறுத்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடற்றவர்களாகப் பதிவானார்கள். அத்தனை பேரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட உங்களால் முடிந்திருக்கிறது. எனக்கு அந்தத் துணிவு இல்லை.

இன்னொன்று. வீடற்றவர் வாக்காளராகப் பதிய முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொல்லும் இடத்தில் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. தாம்பரத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போது, நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று பார்க்க யாராவது நள்ளிரவில் வந்தார்களா?