செம்பனைத் தோட்டத்துச் சான்றிதழ் வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வேளாண்மைப் பட்டம் முடித்துவிட்டு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் செம்பனை (பாமாயில் தரும் பனை) தோட்டம் ஒன்றில் சான்றிதழ்ப் பிரிவு உதவியாளராக வரப்போகிறீர்கள். "இது வெறும் காகித வேலையா? மலாய் தெரியாத நான் தொழிலாளர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே இரண்டு பெயர்கள் தினமும் காதில் விழும். இயற்கையையும் தொழிலாளர்களையும் கெடுக்காமல் பாமாயில் எடுக்கிறோம் என்று காட்டும் சான்றிதழ்கள் இவை. ஆர்.எஸ்.பி.ஓ. 2004-இல் தொடங்கியது, உலக அளவிலானது, விருப்பப்பட்டுச் சேர்வது. எம்.எஸ்.பி.ஓ. மலேசியாவின் சொந்தத் தரம். 2015-இல் விருப்பத்தின் பேரில் ஆரம்பித்து, 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. 2022-இல் திருத்திய தரம்தான் இப்போது நடப்பில் இருக்கிறது. அதனால் அலுவலகத்தில் கிடக்கும் பழைய கோப்பைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

காகித வேலை நிறைய உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தணிக்கைக்கு வருபவர் கோப்பைப் பார்த்து முடித்ததும் நேராகத் தொழிலாளியிடம் போவார். மேனேஜரோ நீங்களோ பக்கத்தில் நிற்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். மருந்தடிக்கும் ஆட்களை ஒரு மணி நேரம் கொட்டகையில் உட்கார வைத்து, திரையில் மலாயில் பாடம் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம். அவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள். தணிக்கையாளர் அதில் ஒருவரிடம், "வேலை முடிந்ததும் பம்பை எங்கே கழுவுவாய்?" என்று கேட்டார். அந்த மனிதர் ஒளிவுமறைவில்லாமல் ஓடையைக் கை காட்டினார். அவர்மேல் என்ன குற்றம்? அவருக்குப் புரிகிற மொழியில் யாருமே சொல்லவில்லை. எங்களுக்குப் பெரிய குறையாக எழுதிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் அதே ஆட்களை ஓடைக்கே கூட்டிப்போனேன். அவர்களிலேயே கொஞ்சம் மலாய் தெரிந்த ஒருவர் வங்காளத்தில் எடுத்துச் சொன்னார். மருந்து இல்லாத பம்பில் நீலச் சாயத்தைக் கலந்து, அவர்கள் வழக்கமாகக் கழுவுகிற இடத்திலேயே கழுவச் சொன்னேன். நீலம் நூல் மாதிரி இழுத்துக்கொண்டே போய், அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற கல்லைத் தொட்டது. யாரும் பேசவில்லை. அன்றைக்கே ஓடையோர மரங்களில் சிவப்பு வளையம் போட்டோம்; அதைத் தாண்டி மருந்து போகக் கூடாது. வளையம் மங்கினால் இப்போது அவர்களே வந்து பெயிண்ட் கேட்கிறார்கள்.

அதனால் மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள். முதல் மாதத்துக்கு நாற்பது ஐம்பது சொல் போதும். புவா என்றால் பழம், மாசாக் பழுத்தது, மெந்தா காய், ராச்சுன் மருந்து. மீதியை மரத்தடியில் செய்து காட்டுங்கள். குலை பழுத்ததா என்பதற்குப் படம் வேண்டாம். குலை பழுத்தால் பழம் உதிரும், அதனால் உதிர்ந்த பழங்களைக் குனிந்து எண்ணச் சொல்லுங்கள். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டியதை ஆலைக்கு அனுப்பாமல் போட்டுவைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும்.

சிறு தோட்டக்காரர்களையும் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். எம்.எஸ்.பி.ஓ. கணக்கில் 40.46 ஹெக்டேருக்குக் கீழ், அதாவது நூறு ஏக்கருக்குள், வைத்திருப்பவர்கள். நான் பழகியவர்கள் பலரிடம் ஐந்தாறு ஏக்கர்தான். அவர்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் சான்றிதழ் வாங்குவது. எம்.பி.ஓ.பி. என்கிற மலேசியச் செம்பனை வாரியத்தில் சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் துனாஸ் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தருகிறார்கள். முதல் வேலையாக அவர்களோடு பழகிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு எழுதத் தெரியாது. உரம் போட்ட தேதியை அவர் மகள் சுவர்க் காலண்டரில் குறித்துவைப்பார். படிவம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. காலண்டரைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆட்களை வெளியே விட்டுவிட்டு நடக்கிற சான்றிதழை என்னால் மதிக்க முடியாது.

அப்புறம் உங்களுக்கே ஒன்று. உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தொழிலாளர்களுக்கும் இதே விதிதான். பூட்டுப் பெட்டி வைத்திருந்தால் சாவி அவரவரிடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வேலைக்கு வர எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்றும் மெதுவாகக் கேளுங்கள். முதல் நாளே வாய் திறக்க மாட்டார்கள். பழகிய பிறகு சொல்வார்கள்.

வந்த முதல் வாரம் அலுவலகத்தில் உட்காராதீர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், வெட்டுகிறவர்களோடு நடந்து, அவர்கள் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீளக் கை சட்டையும் நல்ல பூட்ஸும் எடுத்து வாருங்கள், செம்பனை மட்டையின் முள் பொல்லாதது. வந்து சேர்ந்ததும் எழுதுங்கள், பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் சொற்பட்டியலை அனுப்புகிறேன்.