ஸ்ட்ரிங்ஸ் அறுபடும் இடம்

அன்புள்ள ஐயா,

மெல்லிசைக் குழு ஒன்றில் 12 ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். பல்லவி முடியுமிடத்தில் ஸ்ட்ரிங்ஸை (வயலின் கூட்டத்தின் ஒலியை) பெடலை மிதித்து நீளவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புல்லாங்குழல் டோனுக்கு மாறுகிறேன். பொத்தானை அழுத்தியதும் ஸ்ட்ரிங்ஸ் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. நண்பரின் புதிய கருவியில் இப்படி நிகழ்வதில்லை. சேமித்து வைத்திருக்கும் ஒலியலைகளைப் படிக்கும் வேகம் போதவில்லையா? நினைவகம் கூடுதலாக இருந்தால் சரியாகுமா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

நினைவகத்தின் மீது பழியில்லை. 1988-இல் வந்த கோர்க் எம்1 தன் ஒலியலைகளை 4 மெகாபைட் ரோமில் (நிரந்தர நினைவகத்தில்) அடக்கியிருந்தது. அதைப்போல நூறு மடங்குக்கு மேல் அலைகளை வைத்திருந்த பிற்காலக் கருவிகள் பலவற்றிலும் டோன் மாற்றும்போது ஒலி அறுபடவே செய்தது. முன்பே தொடங்கிய சுரத்தை ஒரு வாய்ஸ் (ஒரு நேரத்தில் ஓர் ஒலியலையை ஒலிக்கவைக்கும் அலகு) படித்துக்கொண்டிருக்க, புதிய சுரத்துக்கு இன்னொரு வாய்ஸ் புல்லாங்குழல் அலையை எடுத்துக்கொள்வதில் தடை ஏதும் இல்லை.

தடை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டோனும் தனக்கென்று ரிவெர்ப் (அரங்க முழக்கம்), கோரஸ் (ஒன்றைப் பலவாகக் காட்டுவது), டிலே (தாமதித்து வரும் எதிரொலி) ஆகிய எஃபெக்டுகளின் அமைப்புகளோடு வருகிறது. ஆனால் அவற்றைக் கணக்கிடும் பகுதி பழைய கருவிகளில் ஒன்றுதான். கோரஸை நீக்கி டிலேயைக் கொண்டுவர அங்கே ஓடும் நிரலையே மாற்ற வேண்டும். டிலேயின் நினைவிடத்தில் பழைய ஒலியின் மிச்சம் கிடந்தால் அது புதிய நிரலில் இரைச்சலாக வெளிப்படும் என்பதால், கருவி ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு அதைத் துடைக்கிறது. மீன் வறுத்த வாணலி ஒன்றே இருந்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டுத்தானே அப்பளம் பொரிக்க முடியும்?

2011-இல் வந்த கோர்க் குரோனோஸும், 2016-இல் வந்த யமஹா மான்டாஜும் இரண்டாவது வாணலியை வாங்கி வைத்தன எனலாம். பழைய டோன் தன் எஃபெக்டுகளோடு அடங்கும்வரை அவற்றைக் கலைக்காமல், புதிய டோனுக்கு வேறு தொகுதியை அவை ஒதுக்குகின்றன. இது இலவசமாகக் கிடைப்பதன்று: பல ஒலிகளைப் பகுதிகளாக அடுக்கிச் சேமிப்பதைத் தொகுப்பு என்பார்கள், மான்டாஜில் 8 பகுதிகளுக்கு மேற்பட்ட தொகுப்புகளுக்கு இந்த வசதி செல்லாது. வாய்ஸ்களும் செலவாகும். 64 வாய்ஸ் கொண்ட ஒரு கருவியில் ஸ்ட்ரிங்ஸ் டோன் சுரத்துக்கு 4 எடுத்தால், பெடலில் நிற்கும் 8 சுரங்களுக்கே 32 போய்விடும்.

உங்கள் கருவியை விற்க வேண்டியதில்லை. டோனை மாற்றாமலிருந்தால் போதும். ஸ்ட்ரிங்ஸையும் குழலையும் ஒரே தொகுப்பில் இரண்டு பகுதிகளாக வைத்து, ரிவெர்பைப் பொதுவாக்குங்கள். மாறும்போது ஸ்ட்ரிங்ஸ் பகுதியை மியூட் செய்யாதீர்கள், அது மீண்டும் கத்தரிதான். கட்டைகளோடு அதற்குள்ள தொடர்பை மட்டும் துண்டிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஒலித்துக்கொண்டிருப்பது ஒலித்தபடி இருக்கும். பலர் தவறவிடுவது பெடலைத்தான்: ஸ்ட்ரிங்ஸுக்காக நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும் பெடல் குழலையும் பிடித்து வைத்து, சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடும். குழல் பகுதி பெடலை ஏற்காதபடி அணைத்து வையுங்கள். மேடையில் இரண்டு கீபோர்டுகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் ஆடம்பரத்துக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

ஸ்ட்ரிங்ஸ் கரைந்து குழலாக மாற வேண்டுமென்றால் இரண்டின் ஒலியளவு ஸ்லைடர்களையும் எதிரெதிராக ஒரே சீராக நகர்த்தாதீர்கள். இரண்டின் வீச்சும் பாதியாக இருக்கும் நடுப்புள்ளியில், தொடர்பற்ற இரண்டு ஒலிகளின் கூட்டு ஏறத்தாழ 3 டெசிபெல் குறைந்து, அங்கே ஒரு பள்ளம் விழும். குழலை முக்கால் பங்கு ஏற்றிய பிறகு ஸ்ட்ரிங்ஸை இறக்கத் தொடங்குங்கள்.