முளைக்காத பலாக்கொட்டை

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. லீவு நாட்களில் வீட்டில் இருப்பதை வைத்துச் சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து பார்க்கிறோம். சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை செய்தோம். பச்சைப்பயறு முளைகட்டினோம். ஆனால் பாதி நேரம் வீடியோவில் வருகிற மாதிரி வருவதில்லை. பலாக்கொட்டை நட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, முளைக்கவே இல்லை. "நீ தப்பா சொல்லிக்கொடுத்துட்டம்மா" என்று அழுகிறான். நான் பி.காம். படித்தவள். அவன் கேட்கும் 'ஏன்'களில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாதவர்கள் இதையெல்லாம் செய்யலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் பலாக்கொட்டை. நடுவதற்கு முன் அது எத்தனை நாள் வீட்டில் கிடந்தது? பண்ருட்டிப் பழம் வாங்கி, சுளையைத் தின்றுவிட்டு, குழம்புக்கென்று காயவைத்த கொட்டையில் ஒன்றை எடுத்து நட்டிருந்தால், முளைக்காததற்கு அதுவே காரணமாக இருக்கும். பயறு காய்ந்தபடியே டப்பாவில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பலாக்கொட்டைக்கு அது முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம் அது. அங்கே விதை விழுகிற இடமெல்லாம் ஈரம்தான், காய்ந்து காத்திருக்க வேண்டிய தேவை அதற்கு வந்ததில்லை.

இதை இப்போதே மகனிடம் சொல்லிவிடாதீர்கள். சீசன் முடிவதற்குள் இன்னொரு பழம் வாங்குங்கள். அடியில் ஓட்டை போட்ட மூன்று பால் கவரில் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒரு கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்த அன்றே நடட்டும். இன்னொன்றை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, மூன்றாவதை ஒரு மாதம் வெயிலில் போட்டு, அப்புறம் நடட்டும். நட்ட தேதியை அவன் கையாலேயே எழுதி ஒட்டட்டும். தண்ணீர் மூன்றுக்கும் ஒரே அளவு. முதல் கொட்டை முளைவிட ஒரு மாதம்கூட ஆகலாம், தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதுதான் அவனுக்குக் கஷ்டம். உங்களுக்கும்தான்.

எரிமலையை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. பொங்குகிறது, கைதட்டுகிறோம், முடிந்தது. குழந்தை கேட்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

பதில் தெரியவில்லையே என்ற கவலைக்கு வருகிறேன். எனக்குப் பதில் தெரிந்திருந்ததால் ஒரு நல்ல கேள்வியை நானே கெடுத்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. புதுச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் புதுமணத் தம்பதி நிற்கிறார்கள். அத்தை தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டுக் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே சிவந்தது. "அப்பா, ரத்தமா?" என்றாள். நான் உடனே, "மஞ்சளில் சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் பட்டால் சிவக்கும்மா, அது வேதியியல்" என்றேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. "ஓ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நல்லவேளையாக, சாம்பார் காப்பாற்றியது. நாலைந்து நாள் கழித்து அவள் சட்டையில் சாம்பார் கொட்டிய இடத்தில் துணி சோப்பைத் தேய்த்தபோது கறை சிவந்தது. "அப்பா, ஆரத்தி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். வெள்ளைத் துணியில் மஞ்சளைத் தடவிக் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. அவள் சமையலறையில் கிடைத்ததையெல்லாம் அதில் சொட்டிப் பார்த்தாள். சோடா உப்புக் கரைசலுக்கும் சாம்பல் தண்ணீருக்கும் சிவந்தது. தயிருக்கும் புளிக்கும் அசையவில்லை. சிவந்த துணியில் எலுமிச்சை பிழிந்ததும் மஞ்சள் திரும்பி வந்தது. அன்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு ஒரு எழுத்துகூட வேதியியல் தெரியாமல் இருந்திருந்தாலும் இதில் எதுவும் குறைந்திருக்காது. ஒன்று மட்டும்: சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வராமல் போனதற்காக அழுகிறான் என்கிறீர்கள். அவனுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வரலாம் என்று 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரி வந்து தொலைநோக்கி வைக்க இடம் கட்டி, எல்லாம் தயார். முந்தைய நாட்களெல்லாம் காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 4 காலை மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் வந்தது.

"அவர் அழுதாரா?" என்று என் மகள் கேட்டாள். இரண்டு வாரத்துக்கும் மேல் மனம் ஒடிந்து கிடந்ததாகவும், எழுத உட்கார்ந்தால் பேனா கையிலிருந்து நழுவியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இங்கே இருந்த காலத்தில் நம் ஊர்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்று, அதையும் எழுதிவைத்தார். வராமல்போன சோதனையோடு சேர்ந்து வந்தது அது.

உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் அப்படி ஒரு நாள் வருகிறது. ஆகஸ்ட் 21, 22 வாக்கில் நண்பகலில் சூரியன் கடலூருக்கு நேர் உச்சியில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு இது என்றுமே கிடைக்காது. நேராக நிற்கிற ஒரு பவுடர் டப்பாவை மாடியில் வையுங்கள். 11 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் அவன் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டும். நிழல் சுருங்கிச் சுருங்கி, 12 மணி 14 நிமிடம் வாக்கில் டப்பாவின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஏன் சரியாக 12 மணிக்கு ஒளியவில்லை என்று அவன் கேட்டால், நீங்களும் அவனோடு சேர்ந்து யோசியுங்கள்.

அன்று மேகம் மூடினால் நோட்டில் தேதி போட்டு 'மேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்தது ஏப்ரல் 20, 21 வாக்கில்.