அலுமினியத்தில் லேசர் எழுத்து: மெஷின் வாங்கப் போகும்போது உங்கள் தகட்டையும் எடுத்துப் போங்கள்

கேள்வி: வணக்கமுங்கண்ணா. ஆவாரம்பாளையத்தில் பம்பு, மோட்டார் போடுகிற சின்னப் பட்டறைகளுக்கு நேம் பிளேட் அடித்துக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் 10 வாட் டையோடு லேசர் மெஷின் ஒன்று வாங்கினேன். மரம், தோல், மெட்டல் எல்லாவற்றிலும் எழுதும் என்று விளம்பரத்தில் இருந்தது. மரத்தில் அருமையாக விழுகிறது. அலுமினியத் தகட்டில் நாலு தடவை ஓட்டியும் ஒரு கோடு விழவில்லை. மெஷின் பழுதுங்களா, இல்லை எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா? இதைத் தள்ளிவிட்டு ஃபைபர் லேசர் வாங்கிவிடட்டுமா?
- அன்னூர் வாசகர்

பதில்: மெஷின் பழுதில்லை தம்பி, உங்கள் கையிலும் குறையில்லை. வெறும் அலுமினியத்தில் டையோடு லேசர் எழுதாது. அந்த நீல ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைப் பளபளப்பான அலுமினியம் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இறங்கும் கொஞ்சநஞ்சச் சூடும் ஒரு இடத்தில் நிற்காது. அலுமினியக் குண்டாவை அடுப்பில் வைத்தால் அடியில் தீ பட்ட சித்த நேரத்தில் விளிம்பு சுடும் அல்லவா, அதே கதைதான். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். அந்தச் சூடு சேர்வதற்குள் தகடு முழுக்கப் பரவிப் போய்விடுகிறது. அக்ரிலிக், மரம் வெட்டுகிற கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் கதியும் இங்கே இதேதான்.

ஃபைபர் லேசர் மட்டும் எப்படி எழுதுகிறது? உளியைக் கல்லின் மேல் வைத்து நாள் முழுக்க அழுத்தினாலும் கல் உடையாது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சில்லு பெயரும். ஃபைபர் மெஷின் தட்டுகிற ரகம், ஒளியைத் துடிப்பு துடிப்பாக விடும். 20 வாட் மெஷினை நொடிக்கு 20,000 துடிப்பு என்று வைத்தால், ஒரு துடிப்புக்கு ஒரு மில்லி ஜூல் சக்தி வருகிறது. அந்தத் துடிப்பு நூறு நானோ நொடியில் முடிந்தால், அந்தக் கணத்தில் இறங்குவது சுமார் 10 கிலோவாட். சூடு பரவ நேரமே கிடைக்காமல் மேல்பரப்பு பெயர்ந்துவிடும். ஆக, வாட் கணக்கை மட்டும் பார்த்து டையோடையும் ஃபைபரையும் ஒப்பிடாதீர்கள்.

ஆனால் கையில் இருக்கும் மெஷினை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். முதலில் பட்டறைக்காரர்களிடம் ஒன்று கேளுங்கள்: அவர்களுக்கு வேண்டியது வெறும் தகடா, அனோடைஸ் செய்த தகடா? அனோடைஸ் என்றால் அலுமினியத்தின் மேல் மின்சாரம் வைத்து வளர்த்த ஆக்ஸைடுப் படலம். அதில் சாயம் ஏற்றித்தான் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று தகடு வருகிறது. லேசர் பட்ட இடத்தில் சாயம் வெளுத்து எழுத்து வெள்ளையாகத் தெரியும். இந்த வேலையை உங்கள் 10 வாட் டையோடே செய்துவிடும். கறுப்பு அனோடைஸ் தகட்டில் வெள்ளை எழுத்து பம்பு நேம் பிளேட்டுக்கு நன்றாகவே எடுபடும். சாயம் ஏற்றாத வெள்ளை அனோடைஸ் தகடு என்றால் வெளுக்க அங்கே ஒன்றும் இல்லை, உங்கள் மெஷினுக்கு அது ஆகாது.

பார்வைக்கு வெறும் தகடும் வெள்ளை அனோடைஸ் தகடும் ஒன்றுபோல இருக்கும். மல்ட்டிமீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து, இரண்டு முனையையும் தகட்டில் கீறாமல் மெல்லத் தொடுங்கள். பீப் அடித்தால் வெறும் அலுமினியம். அடிக்காவிட்டால் மேலே அனோடைஸ் படலம் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது. அரை நிமிட வேலை. தகடு வாங்கும் கடையிலேயே செய்து பார்த்துவிடலாம். வெறும் தகட்டில் கறுப்பு ஸ்பிரே அடித்து, லேசரால் பெயிண்ட்டை எரித்து எழுத்து எடுப்பவர்களும் உண்டு. பரிசுப் பொருளுக்குப் போதும். தோட்டத்துக் கிணற்றடியில் வெயிலிலும் ஈரத்திலும் வருஷக்கணக்காக நிற்கும் மோட்டாருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வெறும் தகட்டில்தான் ஆர்டர் வரும் என்றால் ஃபைபர் வாங்குங்கள். வாங்கும் விதம்தான் முக்கியம். நானே பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஷோரூமுக்கு மெஷின் பார்க்கப் போனேன். கறுப்பு விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்துப் பட்டனைத் தட்டினார்கள். நாலைந்து நொடியில் என் பேர் பளிச்சென்று வெள்ளையில் வந்தது. அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். சட்டைப் பையில் பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய வெறும் அலுமினியத் தகடு ஒன்று இருந்தது, அதன் பின்பக்கத்தில் இதையே போடுங்கள் என்றேன். போட்டார்கள். நேராகப் பிடித்தால் எழுத்து வெள்ளியோடு வெள்ளியாகக் கரைந்து போனது, சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. அந்தக் கார்டு கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியம். அதில் டையோடு மெஷினே எழுதும்! அப்புறம் வேகத்தைக் குறைத்து, கோடுகளை நெருக்கி, மூன்று முறை ஓட்டிய பிறகு நகத்துக்குத் தட்டுப்படும் அளவு ஆழம் கிடைத்தது. எழுத்தும் தெளிந்தது. ஆனால் ஒரு தகட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு தகட்டுக்கு எத்தனை ரூபாய் வாங்கலாம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அங்கேயே மாறிப்போனது.

அதனால் நீங்கள் எழுதப்போகும் அதே தகட்டில் பத்து எடுத்துப் போங்கள். சீரியல் நம்பரோடு பொடி எழுத்தும் உள்ள உங்கள் டிசைனையே பென் டிரைவில் கொண்டு போங்கள். போனில் நேரம் வைத்துப் பாருங்கள். எழுதி முடித்ததும் தின்னர் தொட்டுத் துடையுங்கள், கிரீஸ் தடவித் துடையுங்கள், வெளியே வெயிலில் கை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது போனால் பல கம்பெனி மெஷினில் ஒரே தகட்டை ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கலாம்.

நேம் பிளேட்டுக்கு 20 வாட் போதும். அச்சு, டை மாதிரி ஆழமாக வெட்டும் வேலை வந்தால் 30, 50 என்று போகலாம். லென்ஸ் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 110 மில்லி மீட்டர் சதுரம் எழுதும் லென்ஸை விட 300 எழுதும் லென்ஸில் ஒளிப்புள்ளி பெரிதாகிவிடும், அதே வாட்டில் ஆழம் குறையும். மோப்பா என்று ஒரு ரகத்தைக் காட்டி விலையைக் கூட்டுவார்கள். துடிப்பின் நீளத்தை மாற்றும் வசதி அது. வெள்ளை அனோடைஸ் தகட்டில் கறுப்பு எழுத்து வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது. இல்லாவிட்டால் சாதா ஃபைபரே போதும். சோர்ஸ், அதாவது லேசர் ஒளியை உண்டாக்கும் பாகம், ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும் என்பார்கள். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் அது பதினோரு வருஷத்துக்கு மேல். வாரண்டி கார்டில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: அனுப்பர்பாளையத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் எவர்சில்வரிலும் அலுமினியத்திலும் பேர் வெட்டிக் கேட்கிறார்கள். கையில் பிடித்து வெட்டும் கரண்ட் மெஷினுக்குப் பதில் சின்ன ஃபைபர் லேசர் வைக்கலாமா? பள்ளி விட்டு வந்தால் பாப்பா கடையில்தான் இருப்பாள்.
- அனுப்பர்பாளையம் வாசகி

பதில்: வைக்கலாம் அம்மிணி, ஆனால் நாலு பக்கமும் மூடிய பெட்டி உள்ள மெஷினாக மட்டும் வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபைபர் லேசரின் ஒளி 1064 நானோ மீட்டர். கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரையில் குவிந்து சுட்டுவிடும். பாத்திரமோ கண்ணாடி மாதிரி, வளைவு வேறு. ஒளி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் லேசர் தானே நிற்க வேண்டும். மெஷின் விற்பவரை அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினால் அதில் 1064 என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். டையோடு மெஷினோடு வரும் ஆரஞ்சுக் கண்ணாடி இதற்கு உதவாது. புகையும் உலோகத் தூசும் வெளியே போகக் குழாய் வையுங்கள்.

குடம், சொம்பு மாதிரி உருண்டைப் பாத்திரத்துக்குச் சுழற்றும் ரோட்டரி தேவை. இல்லையென்றால் நடு எழுத்து பளிச்சென்றும் ஓரத்து எழுத்து மங்கியும் விழும். தட்டு, தூக்குப்போசி மூடி எல்லாம் ரோட்டரி இல்லாமலே ஆகும்.

கேள்வி: ஃபைபர் மெஷின் வாங்கி மூன்று மாதத்தில் பாதி சக்திதான் வருகிறது. டீலர் போனை எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார்கள், நிஜமா?
- பெருந்துறை வாசகர்

பதில்: முழுக்க நிஜமில்லைங்க. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்கி வைக்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. கோவையில் செய்த இயந்திரம் பற்றிய ஒரு வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவரும், தானே இயக்க லேத் வாங்கியவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் இருந்தாலும் அந்த உரிமை போகாது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தோற்றார், ஏனென்றால் அவர் வாங்கியது பெரிய அளவு உற்பத்திக்கான மெஷின். நீங்கள் ஒற்றை மெஷினை உங்கள் கையால் ஓட்டுகிறீர்கள் என்றால் தைரியமாகப் போகலாம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். மெஷினுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அன்னூர்த் தம்பியும் அந்த 'மெட்டலில் எழுதும்' விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன் ஷாட் எடுத்து, விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதட்டும். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி.

அப்புறம் பெருந்துறைக்காரர் தன் பில்லை எடுத்துப் பார்க்கட்டும். 'லேசர் மெஷின் 1' என்று மட்டும் இருந்தால், சோர்ஸ் எந்தக் கம்பெனி, எத்தனை வாட், சீரியல் நம்பர் என்ன என்று மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையை இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு ஆள் வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பாக.